சிங்கப்பூர் கெட்டிலும் தென்காசி சாக்கெட்டும்: அந்த மூன்றாவது பின் எதற்கு?

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியைத் திறக்கும் நாள், தென்காசி, கடையநல்லூர் பக்கத்தில் பல வீடுகளுக்குச் சின்னத் திருவிழா. கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட் எல்லாம் எடுத்த பிறகு அடியில் ஒரு கெட்டிலோ ரைஸ் குக்கரோ இருக்கும். ஆசையாக அதைச் சமையலறைக்குக் கொண்டுபோனால், "என்னலே, இது எந்த ஓட்டையிலயும் நுழைய மாட்டேங்கு" என்று அம்மா குரல் கேட்கும்.

இந்த ஊர்களுக்கும் சிங்கப்பூருக்கும் உறவு இன்று நேற்றல்ல. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே தொடங்கப்பட்டதே 1941-ல். தலைமுறை தலைமுறையாகப் போய் வருகிறார்கள், பொருள்களும் கூடவே வருகின்றன. ஆனால் அங்கே இருப்பது தட்டையான மூன்று பின், இங்கே உருண்டையான மூன்று பின்.

இரண்டுமே பிரிட்டன் கொடுத்தவை

நம் வீட்டு உருண்டை பின் பிளக், பிரிட்டனின் பழைய தரத்தின் வாரிசு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பிறகு கட்டப்போகும் வீடுகளுக்கு எப்படி வயரிங் செய்வது என்று யோசிக்க பிரிட்டன் ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த ஒரே பெண், மின் பொறியாளர் கரோலின் ஹாஸ்லெட். குழந்தைகள் விரலையோ கம்பியையோ விட்டுவிடாதபடி சாக்கெட் ஓட்டைகளுக்குள் மூடி இருக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதன்படி 1947-ல் வந்ததுதான் தட்டை பின் பிளக். நீளமான எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும். பிளக்குக்குள்ளேயே ஃபியூஸும் உண்டு.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. நம்மைப் போலவே உருண்டை பின் வைத்திருந்த இலங்கையும் பிற்பாடு அதையே நாட்டின் தரமாக்கிக்கொண்டது. நாம் பழையதிலேயே நின்றுவிட்டோம். உலகம் முழுக்க வீட்டு பிளக்குகளில் இப்படி சுமார் 15 வகை உண்டு.

பிளக் நுழைந்தால் மட்டும் போதுமா?

பிளக் பொருந்தாத வீட்டில் அடுத்து நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். பஜாரில் ஓர் அடாப்டர் வாங்குவார்கள். அல்லது பிளக்கை வெட்டிவிட்டு, வயரை நேராக ஓட்டையில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்குவார்கள். இரண்டாவது ஆபத்து என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலாவதும் ஆபத்தாகலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

நம் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கு, பெரியது 16 ஆம்பியருக்கு. தட்டை பின் பிளக் 13 ஆம்பியர் வரை தாங்கும். 700 வாட் ரைஸ் குக்கர் எடுப்பது சுமார் 3 ஆம்பியர், பிரச்னை இல்லை. 2,200 வாட் கெட்டில் என்றால் ஒன்பதரை ஆம்பியர். அடாப்டர் தயவில் அது சின்ன சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்துவிடும். தண்ணீரோடு சேர்ந்து சாக்கெட்டும் சூடாகும், நாளடைவில் கருகும். பொருளின் அடியில் எழுதியிருக்கும் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் தெரிந்துவிடும். 6-க்கு மேல் போனால் பெரிய சாக்கெட்தான்.

அமெரிக்காவிலிருந்து வரும் பொருள் என்றால் இன்னொரு கவனம் தேவை. அங்கே 120 வோல்ட். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. '100-240' என்று எழுதியிருக்கும் போன் சார்ஜரை இங்கே தைரியமாகச் செருகலாம். '120' என்று மட்டும் எழுதிய ஹேர் டிரையரைச் செருகினால் போன வேகத்தில் புகைந்துவிடும்.

"செருப்பைப் போட்டுட்டுத் தொடு"

எல்லாவற்றையும் விட அதிகம் ஏமாற்றப்படுவது மூன்றாவது பின்தான். அது இல்லாமலும் பொருள் ஓடும் என்பதால், இரண்டு பின் அடாப்டர் வாங்குவதும் எர்த் வயரை மடக்கிச் சுருட்டி வைப்பதும் சகஜம். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் வயரே இருக்காது.

"கிரைண்டர் லேசா ஷாக் அடிக்கும், செருப்பைப் போட்டுட்டுத் தொடு" என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வீடுகள் எத்தனை! அந்த 'லேசா'வுக்குப் பொருள், உள்ளே கரண்ட் கசிகிறது, பூமிக்குப் போக வழி இல்லாமல் காத்திருக்கிறது என்பதுதான். எர்த் சரியாக இருந்தால் கசிவு அந்த வழியே போய்விடும். இல்லையென்றால், தொடுகிறவர் உடம்பே அந்த வழி. எர்த் பின்னை நீளமாகச் செய்ததும் இதற்காகத்தான். முதலில் உள்ளே போவதும் கடைசியில் வெளியே வருவதும் அதுதான்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். சுவர் ஈரம், தரை ஈரம், ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் தலை முதல் கால் வரை ஈரம். காய்ந்த தோலை விட நனைந்த தோலில் கரண்ட் எளிதாகப் பாயும். அந்த நேரத்தில் சீசனுக்கு எடுத்த அறையில் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் நாலு சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஈரத்துணி காய ஒரு டேபிள் ஃபேன். சந்தோஷமாக வந்த குடும்பத்துக்கு ஆபத்து அருவியில் மட்டும் இல்லை.

சீசனுக்கு வீடு விடுகிறவர்கள் பெயின்ட் அடிக்கும் செலவோடு எலக்ட்ரீஷியனையும் ஒருமுறை கூப்பிடலாம். ஒவ்வொரு சாக்கெட்டிலும் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தால், கசிவு வந்த நொடியிலேயே கரண்டை நிறுத்திவிடும். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே நிறுத்தும். எர்த் இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் அதற்குத் தெரியும். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

சிங்கப்பூர் கெட்டிலையும் தூக்கிப்போட வேண்டாம். பிளக்கை வெட்டி, எர்த் வயரையும் சேர்த்து நல்ல 16 ஆம்பியர் பிளக்கில் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிக்கொள்ளலாம். வெட்டிய பிளக்கோடு அதன் ஃபியூஸும் போய்விடும் என்பதால், போர்டில் எம்.சி.பி. சரியாக இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். மகன் வாங்கி அனுப்பிய கெட்டிலில் அம்மா தைரியமாக, செருப்பு போடாமல், வெந்நீர் வைக்கட்டும்.