நனைந்த தூவி

எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழியில் வாவிக்கு மேலால் வருகின்ற வாடைதான். சுபஹுக்கு எழும்புகிறவர்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். அதற்கு மேல் ஒரு ஏற்பாடும் தேவைப்படாது. இப்படியான ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவன் உறங்குபைகளைப் பற்றி எழுதுவது உங்களில் சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். நானும் சிரித்தவன்தான், 2018 டிசம்பர் வரைக்கும்.

என்னுடைய வாப்பா வேளாண்மைக்காரர். கதிர் முற்றும் நாட்களில் யானைக் காவலுக்கு வயல் வாடியில் தங்குவார். இரண்டு சாக்குகளை வாயோடு வாய் பொருத்திக் கோணி ஊசியால் தைத்து, உள்ளே வைக்கோலைப் பரப்பி, கழுத்துவரைக்கும் நுழைந்துகொள்வார். சிறுவயதில் நானும் அதற்குள் படுத்திருக்கிறேன். வைக்கோல் குத்தும், ஆனால் விடியப்புறத்துப் பனி உள்ளே வராது. வைக்கோலுக்குள் அகப்பட்டுக்கொண்ட காற்றுத்தான் சூட்டைக் காத்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. உலகத்தில் உள்ள எல்லா உறங்குபைகளும் செய்வது அந்த வேலையைத்தான். எதைக் கொண்டு காற்றைச் சிறைப்பிடிப்பது என்பதில்தான் வித்தியாசம்.

பாடசாலையில் சாரணர் பொறுப்பு என் தலையில் விழுந்த பிறகு, பிள்ளைகளுக்கு மலைநாட்டைக் காட்ட வேண்டும் என்றொரு ஆசை வந்தது. செங்கலடியில் ஏறுகின்ற ஏ-5 வீதி மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை என்று வளைந்து வளைந்து நுவரெலியாவுக்குப் போகிறது. வாவிக்கரையின் சமதரையிலிருந்து, ஒரே வீதியில், 1,868 மீற்றர் உயரத்துக்கு. அங்கிருந்து பட்டிப்பொலப் பக்கம் இன்னும் கொஞ்சம் மேலே. நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் மேலே ஹோர்ட்டன் சமவெளியில் தை, மாசி மாதங்களில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும். கடலையும் வாவியையும் தவிர வேறொன்றும் காணாத பிள்ளைகளுக்கு இது வேறொரு தேசம்.

ஐந்து மாணவர்கள், நான், இன்னொரு ஆசிரியர். ஏழு பைகள் வேண்டும். ஆறு பைகளைப் புறக்கோட்டையில் வாங்கினோம். உள்ளே பொலியெஸ்டர்ப் பஞ்சு. ஏழாவது, லண்டனில் இருக்கும் மச்சான் தான் பாவித்ததை அனுப்பிவைத்தது. அதற்குள் வாத்தின் தூவி.

தூவி என்ற சொல்லைக் கலாசாலையில் நெடுநல்வாடை படித்தபோது முதன்முதலில் சந்தித்தேன். வாடைக்காலத்து இரவில் அரசியின் கட்டிலில் விரித்திருப்பது அன்னத்தின் தூவி. அப்போது அதைப் புலவரின் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோனேன். மச்சானின் பையைக் கையில் எடுத்த பிறகுதான் அது அலங்காரம் அல்ல, அனுபவம் என்று விளங்கியது. தூவி என்பது நாம் காணும் இறகு அல்ல. இறகுக்கு அடியில், பறவையின் நெஞ்சை ஒட்டி, நடுத்தண்டு இல்லாமல் பூவைப் போல விரிந்திருக்கும் மென்மயிர். அமுக்கினால் ஒரு இளநீர்க் காயளவுக்குச் சுருங்கும். விட்டால் புசுபுசுவென்று எழும்பும். பாரம் ஒரு கிலோவுக்கும் குறைவு. புறக்கோட்டைப் பைகளோ ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குக் கிட்ட. சுருட்டினால் தலையணையைவிடப் பெரிது.

ஊரில் ஒரு கேள்வியும் எழும்பியது. அந்தப் பையில் படுத்த உடுப்போடு தொழலாமா? நான் மௌலவி ஒருவரிடம் கேட்டேன். வாத்து உண்ண அனுமதிக்கப்பட்ட பறவை. ஷாபிஈ மத்ஹபின்படி, உயிரோடு இருக்கும்போதோ முறைப்படி அறுத்த பின்போ எடுத்த அதன் இறகு சுத்தமானது, செத்ததிலிருந்து எடுத்தது அசுத்தம், எதிலிருந்து எடுத்தது என்று தெரியாவிட்டால் சுத்தம் என்றே கொள்ளலாம் என்றார். பிறகு தானாகவே, "உயிரோட பிடுங்கினா அதுக்கு நோகாதா மாஸ்டர்?" என்றும் கேட்டார். நோகும்தான். உயிரோடு பிடுங்குவதைத் தடைசெய்யும் தரச்சான்று ஒன்று 2014இல் வந்திருக்கிறது. மச்சானின் பையில் அப்படி ஒரு முத்திரையும் இருக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் கிடக்கிறது.

பையின் உட்புறத்துத் துணிச்சீட்டில் மூன்று இலக்கங்கள் இருந்தன: 5, 0, கழித்தல் 15. சுகமாக உறங்கக்கூடிய வெப்பநிலை முதலாவது. இரண்டாவது, ஒரு ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது உறக்கத்துக்கு உரியதே அல்ல. ஆறு மணித்தியாலம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அதுவும் ஆபத்தோடு. கடைக்காரர்கள் பெரிதாகச் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். எப்படிப் பார்த்தாலும் எங்களிடம் இருந்தவற்றில் தூவிப் பைதான் சூடு கூடியது. அதனால் ஐவரில் மெலிந்தவனுக்கு அதைக் கொடுத்தேன். அவனுடைய உம்மா என் கையைப் பார்த்து, "சேர், இவனுக்குச் சளி பிடிக்கிற உடம்பு" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தா.

பிழை விட்டது நான். காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்று கூடாரங்களைச் சற்றுப் பள்ளமான புல்தரையில் அடிக்கச் சொன்னேன். இரவு பத்து மணிக்குப் பிறகு மழை பிடித்தது. எங்கள் ஊர் மாரி மழைபோல அடித்து ஊற்றவில்லை. நூலாக, நிற்காமல், காற்றோடு. ஒரு மணியளவில் தண்ணீர் கூடாரங்களுக்கு அடியால் ஊறி வந்தது. எல்லாருடைய பைகளும் நனைந்தன. என்னுடையதும் இடுப்புக்குக் கீழே ஈரம். ஆனால் உள்ளே சூடு போகவில்லை. பொலியெஸ்டர் நார் நீரைக் குடிப்பதில்லை. 1941இல் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு பிரித்தானியர் கண்டுபிடித்த பொருள். நாம் குடித்துவிட்டு வீசும் தண்ணீர்ப் போத்தலும் அதே சாதிதான். ஈரம் நாரின் மேலே நிற்கும், நார் விறைப்பாகவே இருக்கும், இடையில் காற்றும் இருக்கும்.

தூவி அப்படியல்ல. நனைந்த கோழியைப் பார்த்திருப்பீர்கள். நான் டோர்ச்சை அடித்தபோது அவனுடைய பை தட்டையாக, ஈரச் சேலையைப்போல அவன்மேல் ஒட்டிக் கிடந்தது. தூவி முழுவதும் முடிச்சு முடிச்சாகக் கால்மாட்டில் திரண்டிருந்தது. அவன் என்னைக் கூப்பிடவில்லை. சேரை எழுப்பக் கூடாது என்று இருந்திருக்கிறான்.

"குளிருதாடா?"

"இல்ல சேர். முதல்ல நடுங்கின. இப்ப நடுங்கல்ல. இப்ப நல்லா இரிக்கி."

நாக்குக் குழறியது. முதலுதவிப் பயிற்சியில் படித்தது அப்போது நினைவுக்கு வந்திராவிட்டால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் முதலில் நடுக்கம். நடுக்கம் தானாக நின்றால் அது சுகமல்ல, உடல் தோற்கத் தொடங்கிவிட்டது. ஈர உடுப்புகளைக் கழற்றி, காய்ந்த சாரம் இரண்டைச் சுற்றி, மற்ற ஆசிரியரின் பை குறைவாக நனைந்திருந்ததால் அதற்குள் அவனைப் புகுத்தினோம். அடுப்பை மூட்டித் தண்ணீரைச் சுடவைத்துப் போத்தல்களில் நிரப்பி, துணியில் சுற்றிக் கமக்கட்டில் வைத்தோம். விழுங்குவான் என்று தெரிந்த பிறகு சீனி கூடப் போட்ட பிளேன்ரீ. கொஞ்ச நேரத்தில் அவன் திரும்பவும் நடுங்கத் தொடங்கினான். ஒரு பிள்ளை நடுங்குவதைக் கண்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

ஊருக்கு வந்து அந்தப் பையைக் காயவைத்த கதை தனி. எங்களுக்கு மாரிகாலம். காலையில் கொடியில் போட்டால் பதினொரு மணிக்கு மழை. வீடெல்லாம் கோழிக்கூட்டு வாடை. மச்சான் தொலைபேசியில், உலர்த்தும் இயந்திரத்துக்குள் டெனிஸ் பந்துகளோடு போட்டுச் சுழற்றவேண்டும், முடிச்செல்லாம் விட்டுப்போகும் என்றார். டெனிஸ் பந்து ஊரில் தாராளமாகக் கிடைக்கும், இயந்திரத்துக்கு எங்கே போவது என்று மனைவி கேட்டா. எட்டு நாள் விரலால் முடிச்சவிழ்த்தேன். ஓரளவுக்குத்தான் எழும்பியது.

தூவியைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1922இல் எவரெஸ்டுக்குப் போன ஜோர்ஜ் ஃபின்ச் தூவி அடைத்த மேலங்கியோடுதான் போனார். லடாக்கைப் போல வறண்ட குளிரிடமென்றால் இன்றைக்கும் நான் அதைத்தான் தூக்கிக்கொண்டு போவேன், தோளும் தப்பும். பொலியெஸ்டர்ப் பை சில வருடங்களில் சோர்ந்து தட்டையாகிவிடும். அதுவும் சுருட்டியபடியே அலுமாரியில் வைத்தால் இன்னும் கெதியில். நான் எங்களுடையதைப் பாடசாலைக் களஞ்சிய அறையில் தொங்கவிட்டிருக்கிறேன். ஆனால் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் நம் மலைகளுக்கு, காயவைக்க வெயில் கிடைக்காத நம் மாரிக்கு, அந்த இரண்டு கிலோவைச் சுமப்பதே மேல். ஏழாவது பையையும் பொலியெஸ்டரிலேயே வாங்கினேன்.

அடுத்த பயணத்துக்கு அவனுடைய பெயரை நான் எழுதவில்லை. உம்மாவுக்கு முகம் கொடுக்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. அவவே வீட்டுக்கு வந்தா. "ஏன் சேர் மகன விட்டுட்டுப் போறீங்க? அவன் நாளெல்லாம் அழுறான்" என்றா. கையில் ஒரு பொதி. பிரித்தால், மருதமுனைக் கைத்தறிப் போர்வை, தடித்த பருத்தி, புத்தம் புதியது. "இதப் பைக்குள்ள விரிச்சுப் படுக்கச் சொல்லுங்க, குளிராது."

மழையில் பருத்தியைப்போல மோசமான துணி வேறில்லை. நீரைக் குடித்துக்கொண்டு உடம்பின் சூட்டை உறிஞ்சும். அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். பிறகு, "சரி, கட்டாயம்" என்று சொல்லி வாங்கி வைத்தேன். பயணத்துக்கு முதல் நாள் இரவு அதை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி என்னுடைய பொதியின் அடியில் வைத்தேன். மழை இல்லாத இரவில் அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன்.