நெட்டு ஸ்லோவா? மொதல்ல மீட்டரைப் பாருங்க

"நெட்டு ரொம்ப ஸ்லோ, பெரிய பிளானுக்கு மாறிடலாம்." லீட்ஸ்ல எங்க வீட்டுல நாலு பேரும் ஒண்ணா உக்காந்தா இதான் பேச்சு. மாறினா ஆளுக்கு மாசம் 5 பவுண்ட் கூட. ஸ்டூடண்ட் பட்ஜெட்ல அது ரெண்டு நாள் சாப்பாடுங்க! காசைக் குடுக்கறதுக்கு முன்னாடி அளந்து பாத்துடுவோமேன்னு டெஸ்க்டாப் மூலையில ஒரு நெட் மீட்டர் போட்டு வச்சேன்.

2007ல விண்டோஸ் விஸ்டா வந்தப்போ கடிகாரம், வானிலைன்னு திரையோரமா கேட்ஜெட் வரிசை ஒண்ணு இருந்துச்சு. பாதுகாப்பு ஓட்டை இருக்குன்னு 2012ல மைக்ரோசாஃப்டே அதை அணைச்சு வைக்கச் சொல்லிடுச்சு. இப்போ அந்த வேலைக்கு விண்டோஸ்ல ரெயின்மீட்டர், லினக்ஸ்ல காங்கி. ரெண்டுமே இலவசம்.

மீட்டரைப் பாத்ததும் வீட்டுல வந்த முதல் கேள்வி: "40 தர்றேன்னான், இதுல 5 கூடத் தாண்டலையே, ஏமாத்திட்டானா?" இல்லீங்க. கம்பெனிக்காரங்க சொல்றது மெகாபிட். என் மீட்டர் காட்டுறது மெகாபைட். 8 பிட் சேர்ந்தா ஒரு பைட் (பரிட்சைக்கு எடுத்துட்டுப் போற பிட் இல்ல :-)). 40ஐ 8ஆல வகுத்தா 5. கணக்கு முடிஞ்சது.

அடுத்தது, இந்த மீட்டர் லைனோட தெம்பை அளக்காது. உங்க கம்ப்யூட்டர் வழியா அந்த நொடியில எவ்வளவு போகுது, எவ்வளவு வருதுன்னு மட்டும்தான் சொல்லும். நிறுத்தி வச்ச பைக்ல ஸ்பீடாமீட்டர் 0 காட்டினா வண்டி ரிப்பேர்னு அர்த்தமா? முழு தெம்பு தெரியணும்னா ஸ்பீட் டெஸ்ட் ஓட்டணும். அது வேணும்னே டேட்டாவை அள்ளி ஊத்தி லைனை நிரப்பிப் பாக்கும். எல்லாரும் தூங்கினப்புறம் ராத்திரி 1 மணிக்கு ஓட்டினேன். இறக்கம் 38 மெகாபிட், ஏற்றம் 9. ஒரு குறையும் இல்ல.

அப்புறம் ஏன் ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட வீடியோவுல பேசுறப்ப மட்டும் "கேக்குதா? கேக்குதா?"ன்னே அரை மணி நேரம் போகுது? "சாப்டியா"ன்னு அவங்க கேட்டு நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்த கேள்வி வந்து மோதும். கடைசியில "சரிப்பா, நீ வேலையைப் பாரு"ன்னு வச்சிடுவாங்க. எனக்கு 5 பவுண்டை விட அதுதான் உறுத்துச்சு.

அடுத்த ஞாயிறு பேசிட்டே மீட்டரைப் பாத்தேன். என் பக்கம் ஏற்றம் வெறும் 180 கிலோபைட், அதாவது ஒன்றரை மெகாபிட் கூட இல்ல. பக்கத்துல பிங் ஓட விட்டிருந்தேன். வழக்கமா 20 மில்லிசெகண்ட் காட்டுறது அப்போ 900! ஆக, மீதி ஏற்றத்தை வீட்டுல வேற யாரோ சாப்பிடுறாங்க. அது என் மீட்டருக்குத் தெரியாது. விசாரிச்சா மாடி ரூம் சேட்டன். அவரோட லேப்டாப் ஒரு வாரத்துப் படம், வீடியோ எல்லாத்தையும் ஞாயிறு மதியம் தானாவே மேல ஏத்திட்டு இருந்திருக்கு. பாவம், அவருக்கே தெரியாது.

ரேஷன் கடை க்யூ மாதிரிதான் இது. ஒரு கிலோ சீனி வாங்க வந்தவரும் மூட்டை தூக்குறவர் பின்னாடியே நிக்கணும். ரவுட்டர்ல சேட்டனோட படங்கள் வரிசை கட்டி நிக்க, என் குரல் கடைசியில. இதுக்குப் பேரு பஃபர்புளோட். இறக்கமும் இதனால படுத்துடும், ஏன்னா "வந்து சேர்ந்துச்சு"ன்னு நாம அனுப்புற ரசீதும் அதே க்யூவுலதான் நிக்குது. க்யூவைத் தானே ஒழுங்குபடுத்துற கோடெல் மாதிரி முறைகள் 2012லயே வந்தாச்சு. எங்க ரவுட்டர்ல அது இல்ல.

சேட்டன் பேக்கப்பை ராத்திரி 2 மணிக்கு மாத்தி, ஏற்றத்துக்கு 5 மெகாபிட்னு வரம்பும் வச்சுட்டார். செலவு 0 பவுண்ட். போன ஞாயிறு பிங் 40ஐத் தாண்டல. அம்மா ஒரு மணி நேரம் பேசினாங்க, பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதை மொத்தமும் கேட்டாச்சு :-)

பிளான் மாத்துறதுக்கு முன்னாடி இறக்கம், ஏற்றம், பிங் மூணையும் பாருங்க மக்களே. விளம்பரத்துல பெருசாப் போடுறது முதல் எண்ணை மட்டும்தான்.