இரவல் தொலைநோக்கி

வீட்டில் வானாய்வகம் அமைப்பது பற்றிய பேச்சு இன்று விலைப்பட்டியலில்தான் தொடங்குகிறது: வில்லையின் விட்டம் என்ன, தாங்கி எது, ஒளிப்படக் கருவி எது? ஜெசூரின் ராதா கோவிந்த சந்திரா இவை எவையும் கைவராத நிலையிலேயே தொடங்கியவர்.

1878-இல், இன்று வங்கதேசத்திலுள்ள ஜெசூர்ப் பகுதியில் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் மும்முறை தோற்றார். கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்தறியும் எளிய பணி கிடைத்தது. 1910-இல் ஹாலி வால்மீனை இருகண்நோக்கியால் கண்டு குறிப்பெடுத்தார். 1912-இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். 1918-இல் கழுகு விண்மீன் குழுவில் திடீரென ஒளிர்ந்த நோவாவைத் தாமாகவே கண்டறிந்தார்.

அவர் தேர்ந்துகொண்டவை மாறொளிர் விண்மீன்கள். அப்பணிக்குக் குவிமாடம் வேண்டியதில்லை. ஒளி மாறாத அண்டை விண்மீன்கள் இரண்டினிடையே நோக்கும் விண்மீன் எங்கு நிற்கிறதென்று பத்தில் ஒரு கூறுவரை மதிப்பிட்டு, நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். பகலில் நாணயத்தின் தரம் கண்ட கண், இரவில் ஒளியின் தரம் கண்டது. ஓர் இரவின் மதிப்பீடு எதையும் சொல்லாது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால்தான் ஒளிவளைகோடு உருப்பெறும். வங்கத்து மழைக்காலமோ வானை மாதக்கணக்கில் மூடிவிடும். அதன் ஈரம் வில்லையில் பூஞ்சை படரச் செய்யும். அங்கே கருவியை உலர்வாகக் காப்பதும், மேகம் விலகிய இரவிலேயே குறிப்பேட்டைத் தொடர்வதும் ஒரே பராமரிப்பின் இரு பகுதிகள்.

அந்தக் குறிப்பேடுகளே அவருக்கு அடுத்த கருவியைத் தேடித் தந்தன. அவருடைய மதிப்பீடுகளைப் பெற்றுவந்த அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம், 1926-இல் 6.25 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து இரவலாக அனுப்பியது. பட்டம் எதுவும் அதற்குக் கேட்கப்படவில்லை.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் கல்கத்தாவை அடுத்த பாராசாத்தில் குடியேறினார். 1954-இல் நோக்குதலை நிறுத்தியபோது அவர் பதிவுகள் 37,000-ஐத் தாண்டியிருந்தன. இரவல் கருவியைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அது இளம் வானியலாளர் வேணு பாப்புவின் கைக்குச் சென்று, பிற்காலத்தில் ஜவ்வாது மலையின் காவலூரை அடைந்தது. சந்திரா 1975-இல் மறைந்தார்.

மாடியில் புதுக் கருவியைப் பூட்டுவோர் அதனருகே ஒரு குறிப்பேட்டையும் வைக்கலாம். வில்லை ஒருநாள் மங்கும், கருவி கைமாறும். தேதியிட்டு எழுதிய மதிப்பீடு அடுத்த தலைமுறையின் கணக்கிலும் சேரும்.