சாமான் தூக்கும் சாஸ்திரம்

வீடு மாறுவது பண்டபாத்திரங்கள் நிறைந்த தனவந்தர்களுக்கே பெருந்தொல்லை என்றும், சொற்பச் சாமான்களோடு ஜீவனம் செய்கிறவர்கள் ஒரு மூட்டையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடலாம் என்றும் நகரவாசிகள் சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மை அதற்கு நேர் விரோதமானது. உடைந்தால் இன்னொன்று வாங்குவதற்கு வகையில்லாத வீட்டின் கண்ணாடிப் பாத்திரத்தை, லொறி எட்டிப் பார்க்காத மலைச்சரிவிலிருந்து பழுதின்றி மேலே கொண்டுவருவதிலேதான் இந்தத் தொழிலின் பூரண சாமர்த்தியமும் வெளிப்படுகிறது. அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவை விட்டு இந்திய வீடமைப்புத் திட்டத்தின் புது வீட்டுக்குக் குடிபோகும் ஒரு குடும்பத்துக்குச் சாமான் தூக்கிய ஆட்களோடு இருந்து அதை நான் கண்டேன்.

அவர்களில் எவரும் சுமை தூக்குவதையே பிழைப்பாகக் கொண்டவரல்லர். கவ்வாத்து வெட்டுகிறவர்கள், கான் வெட்டுகிறவர்கள், மருந்தடிக்கிறவர்கள். லயத்தில் யார் குடிபோனாலும் இவர்களுக்குத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். தலைவராக விளங்கிய பெரியவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஊர் முழுவதும் அவரை 'மாமா' என்றே அழைத்தது. நாள் குறிப்பதிலேயே அவருடைய ஆலோசனை ஆரம்பமாகிவிடுகிறது. அட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கங்களில் வைகாசியில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை புரட்டாசி வரையில் விடுவதில்லையாதலால், ஆடியில் குடிபோகலாகாது என்ற சம்பிரதாயத்தை இம்மலைநாட்டில் ஜோசியரைக் காட்டிலும் வானமே அதிகம் வற்புறுத்துகிறது. தை, மாசியே உத்தமம். அதிலும் வேலை நாளில் சாமான் தூக்கினால் ஆளுக்கொரு பேர் போய்விடும், அதாவது அன்றைய சம்பளம் விழாது; ஆகவே ஞாயிறோ போயாவோ அமைந்து, நல்ல நேரமும் கூடிவர வேண்டும். நாங்கள் கூடியதும் ஒரு போயா நாளில்தான்.

முதல் நாள் மாலையே வந்து சேர்ந்த அவர், மற்றச் சாமான்களை ஏறெடுத்தும் பாராமல், ஒரு கயிற்றை மட்டும் எடுத்து அலுமாரியின் அகலத்துக்கு அதில் ஒரு முடிச்சும், உயரத்துக்கு இன்னொரு முடிச்சும் போட்டுக்கொண்டு வெளியே புறப்பட்டுவிட்டார். லயத்தின் இஸ்தோப்பு, கானின் மேல் போட்ட பலகை, பீலிக்கரைத் திருப்பம், தேயிலைக்கு நடுவே செல்லும் குறுக்குப் பாதை ஆகிய ஒவ்வோரிடத்திலும் கயிற்றைப் பிடித்துப் பார்த்து, கடைசியில் புது வீட்டு வாசற்காலையும் அதே முடிச்சால் அளந்துவிட்டுத்தான் ஓய்ந்தார். சாமான்களைப் பார்வையிடவில்லையே என்றேன்.

"சாமானப் பார்த்து என்னா சேர் செய்யிறது? அது ஓடியா போகப்போகுது? பாதையத்தான் பார்க்கணும்" என்றார்.

பாதையைப் பாராமல் நுவரெலியாவுக்குக் குடிவந்தவர் ஒருவர் சரித்திரத்தில் உண்டு. 1848-ஆம் ஆண்டில் இங்கே விவசாயக் குடியேற்றம் ஒன்றை ஸ்தாபிக்க எண்ணிய ஸாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேலையாட்கள், கலப்பைகள், வேட்டை நாய்கள், உயர்ஜாதிப் பசு, புத்தம் புதிய குதிரைவண்டி எல்லாவற்றையும் கப்பல் வழியாகத் தருவித்து, 6,000 அடிக்கு மேற்பட்ட இந்த உயரத்துக்கு அனுப்பினார். குதிரைக்காரனுடைய அசட்டுத்தனத்தால் வண்டி றம்பொடைக் கணவாயில் நொறுங்கியது. வண்டியை இழுத்துவர அனுப்பிய யானையை அதே ஆசாமி விரட்டி விரட்டிச் சாகடித்தான். பசுவும் ஏற்றம் தாளாமல் வழியிலேயே உயிர்விட்டது. 1855-இல் வெளியான தம் நூலில் பேக்கரே இவற்றையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். பணத்துக்குக் குறைவில்லாத அந்தத் துரைமகனுக்கு நமது மாமாவைப் போல முடிச்சுக் கயிற்றோடு முன்னே நடக்க ஓர் ஆள் வாய்க்கவில்லை.

கோழிகளை முதல் நாள் இரவே, அவை அடைந்த பிறகு பிடித்துக் கூடையால் மூடிக் கொண்டுபோய்விட்டார்கள். பகலில் கோழி பிடிக்கப் புறப்பட்டால் அரை நாள் அதிலேயே கழியும். விடியற்காலையில் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், நிறைகுடம் ஆகியவற்றோடு வீட்டு அம்மாள் போய்ப் பால் காய்ச்சித் திரும்பிய பின்னரே மற்றச் சாமான்களில் கை வைத்தார்கள். லொறி கொழுந்து மடுவம் வரைக்கும்தான் வரும். அதுவரையிலான ஏற்றத்தில் அலுமாரியின் கதவுகளைக் கயிற்றால் இறுக்கி, கண்ணாடியைக் கழற்றிச் சீலையில் சுற்றித் தனியே ஒரு பையனிடம் கொடுத்து, கீழ்ப்பக்கத்தில் நெடியவர்களையும் மேல்பக்கத்தில் குள்ளமானவர்களையும் நிறுத்தித் தூக்கியதால், சரிவு எவ்வளவு செங்குத்தாயினும் அலுமாரி ஏறக்குறைய நிமிர்ந்தபடியே சென்றது. ஃபிரிட்ஜைப் படுக்கவைக்க மாமா இணங்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் சில மணி நேரம் கரண்ட் கொடுக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஆண்களின் இந்த ஆர்ப்பாட்டத்துக்கிடையே உண்மையான நயத்தை நான் கண்டது பெண்களிடத்தில்தான். பீங்கான்களையும் கண்ணாடிக் குவளைகளையும் பழைய சீலைத் துண்டுகளில் ஒவ்வொன்றாகச் சுருட்டி, கம்பளியை உள்ளே விரித்த கொழுந்துக் கூடையில் அடுக்கி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, இரு கைகளையும் வீசியபடி அவர்கள் குறுக்குப் பாதையில் ஏறிப் போனார்கள். கூடைக்குள்ளிருந்து சிறு ஓசைகூட எழவில்லை. இத்தனை காலம் கொழுந்து சுமந்து பழகிய நடையே அது. கூலிக் கணக்கில் அந்த நடைக்கு எந்த நாளும் தனி மதிப்புக் கிடைத்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

புது வீட்டு வாசலில் ஓர் எதிர்பாராத தாமதம். "இது எந்தக் காம்பராவுக்கு அக்கா?" என்று கட்டிலைத் தாங்கிய இளைஞர் கேட்டார். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான ஒற்றைக் காம்பராவில், மூன்று தலைமுறையாகக் கட்டிலும் அலுமாரியும் புத்தகப் பையும் சாமி படமும் ஒன்றையொன்று ஒட்டி நின்ற குடும்பத்துக்கு, 550 சதுர அடியில் இரண்டு படுக்கையறையும் கூடமும் குசினியுமாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் எது எங்கே என்று தீர்மானிப்பது புது வித்தையாக இருந்தது. அம்மாள் மகளைப் பார்த்தார். மகள் தம்பியைப் பார்த்தாள். சுமந்தவர்களுக்கு மூச்சிரைத்தது. கடைசியில் மாமா, "எல்லாத்தையும் ஹோலுல வைங்கடா, அவங்க யோசிக்கட்டும்" என்று தீர்ப்பளித்தார். சாக்கட்டியால் ஒவ்வொரு சாமானிலும் அறையின் அடையாளத்தைக் குறித்துவிடுவது உலகமெங்கும் சொல்லப்படும் யுக்திதான். அறைகளே புதிதாயிருக்கிறவர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் மாமா தம் பாலியத்தைப் பற்றிப் பேசினார். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று வகுத்ததன் விளைவாக, அவருடைய தாய்மாமன் குடும்பமும் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியது. சிறுவனாயிருந்த அவர் தகரப் பெட்டிகளைக் கட்ட உதவினாராம். எதை எடுத்துப்போவது என்பதைவிட எதை யாரிடம் விட்டுப்போவது என்பதிலேதான் பெரியவர்கள் நாட்கணக்காகச் சண்டையிட்டார்கள் என்றார். அன்று அவர்கள் விட்டுப்போன அம்மிக் கல்லையும் இன்று சாக்கில் கட்டி மேலே ஏற்றியிருந்தார்கள். இந்த வீட்டு அம்மாள் அந்தத் தாய்மாமனுக்கு உறவாம்.

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்பதே முதல் வீடுகளின் கணக்கு. சாமானைத் தூக்குவது ஒரு பகல் வேலை. காகிதங்களை நகர்த்துவதோ மாதக்கணக்காகிறது. கரண்ட் மீட்டரை யார் பெயரில் பதிவது, வாக்காளர் இடாப்பில் விலாசத்தை மாற்றுவது, இதுவரை தோட்டக் காரியாலயத்தின் வழியாக வந்துகொண்டிருந்த கடிதங்கள் இனி வாசலுக்கே வருமா, காணி உறுதி எப்போது கைக்கு எட்டும் என்பவற்றையெல்லாம் தூக்கித் தர எந்த மாமாவாலும் ஆகாது. பழைய காம்பராவின் சாவியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். கலியாணமான மூத்த மகன் அங்கேயே இருக்கட்டுமே என்று குடும்பம் மன்றாடுகிறது. அந்தத் தகராறு அன்று தீரவில்லை.

லொறிக்காரருக்கு வாடகை கொடுத்து அனுப்பினார்கள். தூக்கிய ஆட்கள் கூலி வாங்கவில்லை. சோறும் கோழிக்கறியும் உண்டு, அடுத்த போயாவுக்கு அதே லயத்தில் கடைசிக் காம்பராக்காரர் குடிபோகிறார் என்பதால், இன்று சாமான் இறக்கிய வீட்டுப் பையன்கள் இருவரும் காலை ஆறு மணிக்கே வந்துவிட வேண்டுமென்று பேசி முடித்தார்கள். அந்த வீட்டில் அலுமாரி இல்லை, தையல் மெஷின்தான் பாரம் என்று யாரோ சொல்ல, மாமா கயிற்றின் பழைய முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார்.