அந்த ‘டக்’ சத்தம்



உங்கள் வீட்டு வாசலில் பழைய கார் ஒன்று நிற்கிறதா? அப்படியானால், அடுத்த முறை பிள்ளைகளை அதில் ஏற்றுவதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். ஓர் ஆசிரியை தன் தவற்றைத் தானே சொல்வது எளிதல்ல. ஆனாலும் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 1988-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா. 1985-இல் நம் நாட்டின் முதல் காராக வெளிவந்ததே, அந்த ரகம். பால்மரம் வெட்டிய என் அப்பா, சீட்டு எடுத்துப் பழைய காராக வாங்கியது. அப்பா போய்விட்டார், கார் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வரை அதில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு டியூஷனுக்குப் போவேன். செம்பனைக் குலை லாரிகள் ஓடி ஓடிக் குழியாகிப்போன செம்மண் சாலை அது.

இரண்டு மாதங்களாக, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முன்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். “பழைய கார்தானே, சாலையும் மோசம்” என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வானொலியைச் சற்று உரக்க வைத்தேன். ஒரு நாள், பிள்ளையை ஏற்றிவிட வந்த ஒரு தாய், வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவள், காரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“என்னா டீச்சர், காடி ஒரு பக்கமா சாஞ்சி நிக்குதே?”

“தரை மேடு பள்ளம்மா” என்று சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம், பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு குழியில் சக்கரம் இறங்கியது. ‘படார்’ என்று ஓர் ஓசை! மெல்ல ஊர்ந்து, முச்சந்தியில் இருக்கும் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினார். பேசாமல் என்னைக் கைகாட்டி அழைத்தார்.

சுருள் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று ஒடிந்து கிடந்தது. ஒடிந்த முனை கத்திபோல டயரின் உட்பக்கத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. டயரில் ஏற்கெனவே ஒரு கீறல் விழுந்திருந்தது.

“நல்ல வேகத்தில போகும்போது இது டயரைக் கிழிச்சிருந்தா என்னா ஆவும் டீச்சர்?” என்றார். எனக்குப் பின்னிருக்கைப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

ஒடிந்த துண்டை என் கையில் கொடுத்தார். முறிந்த இடத்தில் பாதி பழுப்பாகத் துருப்பிடித்திருந்தது. மீதி புத்தம் புதிதாய்ப் பளபளத்தது. “துருப்பிடிச்ச பாதி முன்னாடியே விரிசல் விட்டது. பளபளக்கிறது இன்னிக்கு ஒடிஞ்சது” என்றார். அந்தப் பழுப்பு நிறம் என் அலட்சியத்தின் அடையாளமல்லவா!

காரின் பாரத்தைத் தாங்குவது அப்சார்பர் என்றே நான் எண்ணியிருந்தேன். தாங்குவது ஸ்பிரிங்தான், அது துள்ளிக்கொண்டே இராமல் அடக்குவதுதான் அப்சார்பரின் வேலை. கல் பட்டு ஸ்பிரிங்கின் பெயிண்ட் உரிந்தால், அந்த இடத்தில் துரு பிடிக்கும். அடிச்சுற்று உட்காரும் கிண்ணத்தில் சேறும் ஈரமும் தங்குவதால், அந்த இடத்தில்தான் பெரும்பாலும் முறிகிறது.

“என் தம்பியே வீட்டில் மாற்றித் தருவானே” என்று கேட்டேன். அண்ணன் தலையாட்டி மறுத்தார். அமுக்கிய ஸ்பிரிங்கில் அத்தனை விசை அடங்கியிருக்கிறது. 1678-இல் இராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் எழுதி வைத்த விதியை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம்: ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்குகிறோமோ, அந்த அளவுக்கு அது எதிர்த்துத் தள்ளும். இரு மடங்கு அமுக்கினால் உள்ளே அடங்கும் சக்தி நான்கு மடங்கு. கயிறும் கம்பியும் கட்டி மேல் நட்டைக் கழற்றினால், அது பாய்ந்து உயிரையே வாங்கிவிடும்.

அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜேக்கை மட்டும் நம்பாமல் காருக்கு அடியில் இரும்புத் தாங்கிகளை வைத்தார். அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து வெளியே எடுத்தார். எதிரெதிராக இரண்டு திருகு கொக்கிகளை மாட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஸ்பிரிங் கிண்ணத்தை விட்டு விலகி லேசாக அசைந்த பிறகே மேல் நட்டில் கை வைத்தார். புதிய ஸ்பிரிங்கின் முனை கிண்ணத்துப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துப் பூட்டினார். வலப்பக்கத்தையும் மாற்றினார், ஒன்று புதிது, ஒன்று பழையது என்றிருந்தால் கார் நேராக நிற்காதாம். கடைசியில் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்துக் கொடுத்தார்.

வாசகர்களே, மாற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஆனால் பார்க்கும் வேலை நம்முடையது. மாதம் ஒருமுறை, சமதரையில், டயர்களில் சரியாகக் காற்றடித்து, சுமை ஏதுமின்றிக் காரை நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே தகட்டின் விளிம்பு வரை இரு பக்கமும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்கு வேறுபாடு தெரிந்தால் பட்டறைக்குப் போங்கள். டார்ச் விளக்கடித்து அடிச்சுற்றைப் பாருங்கள். டயரின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். காசு மிச்சம் என்று பழைய சாமான் கடை ஸ்பிரிங்கை வாங்காதீர்கள். அதற்குள்ளும் விரிசல் ஒளிந்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தாயிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒடிந்த துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னை ஒரு சொல்லும் திட்டவில்லை. காரின் முன்னால் போய்க் குனிந்து இரு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு, “இப்ப நேரா நிக்குது டீச்சர்” என்று சொல்லித் தன் மகளை ஏற்றிவிட்டாள்.

அந்தத் துண்டு இன்று என் வகுப்பறை மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் கதையைச் சொல்கிறேன். படித்தவள் கவனிக்காததைக் கவனித்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.