மெக்காயில் மீன்பிடித்த காலம்

மெக்காய் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட், பார்வையாளர் இருக்கைகளுக்கு நேர் கீழே இருந்தது. எட்டிப் பார்த்தாலும் ஆள் முகம் தெரியாது. அதற்குப் பட்டக்கெட் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். காலிப் பால் கேனின் வயிற்றை வெட்டி, உள்ளே பந்தும் பேனாவும் போட்டு, கயிறு கட்டிக் கீழே இறக்குவார்கள். கயிறு அசைந்ததும் இழுத்தால் பந்தில் கையெழுத்து. மீன்பிடிப்பது என்றுதான் அதற்குப் பெயர். கையெழுத்துப் போட்டவர் யாரென்று அப்போது பாதிப் பேருக்குத் தெரியாது.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் சின்ன மில் ஊர் பட்டக்கெட். அதன் பேஸ்பால் அணி பட்டக்கெட் ரெட் சாக்ஸ். ஊர் வாயில் பாசாக்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு ஒரே ஒரு படி கீழே. பாஸ்டனிலிருந்து ஃபோன் வந்தால் ஆட்டக்காரர் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார். ஏப்ரலில் குல்லாயும் கையுறையுமாக உட்கார்ந்து பேர் பழகிக்கொண்ட பையன், பள்ளி விடுமுறை வருவதற்குள் போயிருப்பான். 2014 ஜூன் தொடக்கத்தில் மூக்கி பெட்ஸ் வந்தார். மாதம் முடிவதற்குள் பாஸ்டன் கூப்பிட்டுக்கொண்டது. செப்டம்பரில் அவர் இல்லாமலே எங்கள் லீக்கின் கவர்னர்ஸ் கோப்பையை வென்றோம். நன்றாக ஆடுகிறவன் நமக்குத் தங்கமாட்டான் என்று தெரிந்துகொண்டே கை தட்டப் பழகியிருந்தோம். எனக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர் போல, பாஸ்டன் ஆட்டத்தை டிவியில் பார்த்து “நம்ம பையன்” என்று சொல்லிக்கொள்ளலாம்.

புதிதாக யார் வந்தாலும் ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது 1981 கதை. ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு, ராச்செஸ்டர் அணியோடு ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டியது முடியவில்லை. எதிர்க்காற்றோடு குளிர். உடைந்த மட்டைகளைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்களாம். 32 இன்னிங்ஸ் முடிந்து, ஈஸ்டர் ஞாயிறு விடியற்காலை 4:07-க்கு நிறுத்தியபோது இருக்கைகளில் மிச்சமிருந்தது 19 பேர். (அன்று அங்கே இருந்ததாக என்னிடம் சொன்னவர்களே அதற்கு மேல் இருப்பார்கள்.) ஜூன் 23-ல் தொடர்ந்தபோது பதினெட்டே நிமிஷம், எங்கள் டேவ் கோசா அடித்தார், மார்ட்டி பாரெட் ஓடி வந்தார், 3-2. தொழில்முறை பேஸ்பாலில் அதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை இல்லை. பிற்காலத்தில் புகழ் மண்டபத்துக்குப் போன வேட் பாக்ஸும் கால் ரிப்கனும் அதில் எதிரெதிரே ஆடினார்கள். கோசாவோ பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார். எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

1977-ல் அணியை வாங்கிக் காப்பாற்றிய பென் மாண்டர் 2010-ல் இறந்தார். 2015-ல் அணி கைமாறியது. புது முதலாளிகள் புது மைதானம் கேட்டார்கள். யார் பணம் என்று வருஷக்கணக்கில் இழுபறி. பாஸ்டனின் பழைய பந்துவீச்சாளர் கர்ட் ஷில்லிங்கின் வீடியோ கேம் கம்பெனியின் 7.5 கோடி டாலர் கடனுக்குப் பொறுப்பேற்று, அது 2012-ல் திவாலாகி, ரோட் ஐலண்ட் ஏற்கெனவே சூடு கண்ட பூனை. 2018-ல் அறிவிப்பு வந்தது: 2021 முதல் அணி மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டருக்கு. பிளாக்ஸ்டோன் ஆறு வூஸ்டரில் பிறந்து பட்டக்கெட்டுக்கு வருகிறது. அணி அதே வழியில் மேலேறிப் போனது.

ஆட்டக்காரர்கள் போவதற்குப் பழகிய எங்களுக்கு அணியே போகும் என்று தோன்றியதில்லை. சரி, 2020 சீசன் முழுக்க வழியனுப்பலாம் என்றிருந்தோம். கொரோனா அதையும் ரத்து செய்தது. அந்தக் கோடையில் புல்தரையில் மேஜை போட்டுச் சாப்பாடு பரிமாறினார்கள். ஆட்டக்காரர்கள் மட்டுமே மிதித்த புல்லில் உட்கார்ந்து ஹாட் டாக் தின்ற மக்களைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் போயிருப்பேன், போகவும் போனேன். மெக்காயை இப்போது இடித்துவிட்டார்கள். அந்த இடம் உயர்நிலைப் பள்ளிக்கு.

வூஸ்டரின் போலார் பார்க் நல்ல மைதானம்தான். ஏப்ரல் வந்தால் இன்னும் அட்டவணை பார்க்கிறேன். அங்கிருந்து யாராவது பாஸ்டனுக்குப் போனால் சந்தோஷம். ஆனால் நம்ம பையன் என்று சொல்ல வாய் வரவில்லை.