குடியை ஆராயும் கல்வி

மருத்துவம், பொறியியல் என்னும் இரு வாயில்களுக்கு அப்பால் நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் எண்ணுவது அரிது. மதுவும் மக்கள் நலமும் என்பது முனைவர் பட்டத்திற்கும் அதற்கு மேற்பட்ட பயிற்சிக்கும் உரிய துறையாக வளர்ந்திருப்பதை நம் குடும்பங்களில் அறிந்தோர் சிலரே.

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காட்டு மக்களாகிய நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2001-இல் பண்ருட்டிப் பகுதியில் நச்சுச் சாராயம் 50-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2023-இல் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம், அங்கே 60-க்கும் மேல். இச்சாவுகள் நாளேடுகளில் வருகின்றன. முத்திரையிட்ட புட்டியிலேயே பல்லாண்டு குடித்து ஈரல் கெட்டு மாய்கிறவனோ செய்தியாவதில்லை. 'மஞ்சட்காமாலை' என்று வீட்டாரே சொல்லி முடித்துவிடுகின்றனர்.

இவர்களை எண்ணுவதற்கும் பயிற்சி வேண்டும். தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தார் நாடெங்கும் 2 லட்சம் வீடுகளில் விசாரித்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். ஏனைய 37 பேரையும் எவ்வாறு அணுகுவது? கோவாவில் சங்காத் என்னும் அமைப்பினர் மருத்துவரல்லாத உள்ளூர் ஆலோசகர்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் குடிப்போருடன் நான்கு முறை வரை பேசச் செய்தனர். மூன்று மாதத்திற்குப் பின் ஆலோசனை பெற்றோரில் 36 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 26 விழுக்காட்டினரும் தீங்கான குடியிலிருந்து மீண்டிருந்ததாக 2017-இல் 'லான்செட்' இதழில் எழுதினர். நூற்றுக்குப் பத்து என்பது சிறிதாகத் தோன்றலாம். பத்து வீடுகள் என்று நினைத்துப் பாருங்கள்.

இவ்வகை ஆராய்ச்சி பயில நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. புதுச்சேரி ஜிப்மர் கடலூரிலிருந்து பேருந்து தொலைவிலேயே உள்ளது. பெங்களூர் நிம்ஹான்சில் போதை மருத்துவத்திற்கென்றே தனி மையமும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பொதுச் சுகாதாரத்திற்கென அச்சுத மேனன் மையமும் உள்ளன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர் வேதியியல் துறையில், மது புகட்டிய எலிகளின் ஈரலை மஞ்சளிலுள்ள குர்குமின் எவ்வளவு காக்கிறது என்று ஆராய்ந்திருக்கின்றனர். (எலிக்கு உதவியது என்று எவரும் துணிந்து குடிக்கவேண்டா!)

தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வுநிதிக்குத் தேறினால், 2023-இல் திருத்தப்பட்டபடி மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்; பின்னர் 42,000 ஆகும். ஆகவே ஆராய்ச்சி என்பது வசதியுள்ளோர்க்கே என்று தயங்கவேண்டா. முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய பயிற்சியை நாடி அமெரிக்கா செல்ல விரும்புவோர் ஒன்றறிய வேண்டும். அந்நாட்டு அரசு இத்துறைக்கு நிதியளிக்கும் பயிற்சி இடங்களுள் பல அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியேறியோர்க்கும் மட்டுமே உரியவை. இதை விசாரிக்காமல் முகவரிடம் பணம் கட்டிவிடாதீர்கள்.

கடலூர் முதுநகரில் மீனவர் குடும்பத்துப் பெண்ணொருத்தி, முதுநிலைப் பட்டம் பெற்றவள், இத்துறையில் சேர விரும்புகிறாள். அவளுடைய தாய் நம்மிடம் வந்து, "ஐயா, இவ அப்பன் குடிச்சே போனான். இவளும் அதையே அஞ்சு வருஷம் கட்டிக்கிட்டு அழணுமா?" என்று கேட்டார். நமக்கு உடனே விடை தோன்றவில்லை. மகள்தான் சொன்னாள்: படகுப் பங்கைப் பிரிக்கும் நாளில் எவ்வளவு பணம் வீடு வந்து சேருகிறது, எவ்வளவு வழியிலேயே போகிறது என்பதைத்தான் தான் ஆராயப் போவதாக.

"இதுக்கு எதுக்குடி ஆராய்ச்சி? என்னைக் கேட்டா சொல்லமாட்டேனா?" என்றார் தாய்.

"உன்னைத்தாம்மா முதல்ல கேக்கப்போறேன்" என்றாள் மகள்.